மூடி கழன்றால் கையும் போகும், காசும் போகும்

கரும்புச்சாறு பிழியும் மிஷினில் சக்கையோடு விரலையும் கொடுத்தவர் கதை பல ஊர்களில் உண்டு. அந்த மிஷினாவது மெல்லச் சுற்றும். கூச்சல் கேட்டுப் பக்கத்தில் இருப்பவர் நிறுத்திவிடலாம். மரக்கிளையைத் தூளாக்கும் ‘சிப்பர்’ அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

தென்னந்தோப்பில் மட்டை அரைக்கவும், நகரங்களில் வெட்டிப் போட்ட கிளைகளை அங்கேயே தூளாக்கவும் சக்கரம் வைத்த சின்ன சிப்பர்கள் வந்துவிட்டன. மட்டைக்கு நெருப்பு வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். தூளை மரத்தடியில் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கும், மட்கினால் எருவாகும். ஆனால் வாங்குபவரும் வாடகைக்கு எடுப்பவரும் கூலிக்கு நிற்பவரும் முதலில் பார்க்க வேண்டியது, அதன் வாய்.

ஆபத்து எங்கே?

சிப்பருக்குள் கத்திகள் பொருத்திய கனமான தட்டோ உருளையோ படுவேகமாகச் சுழல்கிறது. எஞ்சினை அணைத்தாலும் அந்தக் கனம் சட்டென்று நிற்காது. ஒரு நிமிடத்துக்கு மேலும் சுற்றும். கிளையைத் தானே உள்ளே இழுக்கும் உருளை உள்ள ரகங்களில் சில, நொடிக்கு அரை மீட்டர் இழுக்கும். கிளையில் சிக்கிய லுங்கி ஓரத்தை விடுவிக்கக் குனிவதற்குள் கை உள்ளே போய்விடும்.

இதற்காகத்தான் கிளை விடும் வாயை, ‘ஹாப்பர்’ என்கிறார்களே அதை, நீளமாக வைத்திருக்கிறார்கள். கை கத்தியை எட்டக் கூடாது என்பதே அந்த நீளத்தின் கணக்கு. ஆனால் பல இடங்களில் முதலில் கழற்றப்படுவதும் அதுதான். குட்டியானையில் ஏற்றும்போது இடிக்கிறது என்று கழற்றுவார்கள். இறக்கிய இடத்தில் நான்கு போல்ட் முடுக்கச் சோம்பல். கழற்றி வைத்தால் கவைக்கிளை லேசாகப் போகிறது என்ற சாக்கு வேறு.

வேலைக்கு நிற்கும்போது

• லுங்கி, துண்டு, தளர்ந்த சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி, கைக்கயிறு எதுவும் வேண்டாம். மரம் ஏறும் கயிற்றைச் சிப்பர் பக்கமே போடாதீர்கள். கிளையோடு கயிறு போனால் அதைக் கட்டியிருக்கும் ஆளையும் இழுக்கும்.
• வாய்க்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று, கிளையின் அடிப்பக்கத்தை முதலில் விடுங்கள். சிறு துண்டுகளைக் கையாலோ காலாலோ தள்ளாதீர்கள். நீளமான இன்னொரு கிளையால் தள்ளுங்கள்.
• விளம்பரப் பலகை அடித்த ஆணியும் கம்பியும் சாலையோர மரங்களில் புதைந்திருக்கும். கத்தியில் பட்டால் அவை தெறிக்கும். முன்பே பார்த்து நீக்குங்கள்.
• அடைத்துக்கொண்டால் எஞ்சினை அணைத்து, தட்டு முழுதாக நின்றபின், ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.
• கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம். 100 டெசிபல் இரைச்சலை ஒரு நாளில் 15 நிமிடத்துக்கு மேல் காது தாங்காது என்பது தொழில் சுகாதாரக் கணக்கு.

வண்டியில் ஏற்றும்போது

எஞ்சின் ஆறிய பிறகே ஏற்றுங்கள். பெட்ரோல் குழாயை மூடி, சக்கரங்களுக்கு அணை கொடுத்து, நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டுங்கள். பின்னால் கோர்த்து இழுப்பதானால் கொக்கிப் பின், பாதுகாப்புச் சங்கிலி, பின்விளக்கு, டயர் காற்று நான்கையும் பாருங்கள். வண்டிக்கு வெளியே கிளைகள் நீட்டிக்கொண்டிருந்தால், 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் ரூ.20,000. சரக்கு வண்டியில் ஓசிப் பயணமாக ஏறியவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சிப்பரைப் பிடித்துக்கொள்ள யாரையும் பின்னால் ஏற்றாதீர்கள்.

விபத்து நடந்தால்

அறுந்த விரலை நேரடியாகப் பனிக்கட்டியில் போடக் கூடாது. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வையுங்கள். ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள்.

அடுத்தது இழப்பீடு. 1923ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் தொடர்கிறது. முதலாளி மீது தவறு இருக்கிறதா என்பதே இங்கே கேள்வி அல்ல. வேலையில் அடிபட்டாலே போதும். 30 வயது நிறைந்தவர், கணக்கில் கொள்ளும் மாதக் கூலி ரூ.15,000, ஒரு கை போனது என்று வைத்துக்கொள்வோம். கூலியில் 60 சதவீதம் ரூ.9,000. வயதுக்குரிய பெருக்கெண் 207.98. ஒரு கை இழப்பு 60 சதவீத ஊனம். மூன்றையும் பெருக்கினால் ரூ.11,23,092. மேஸ்திரி மூலம் வந்த ஆள் என்று தோப்பு உரிமையாளர் கைகழுவ முடியாது. தொகையைக் கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளலாம். தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். “இனி எதுவும் கேட்க மாட்டேன்” என்று வாங்கிய கையெழுத்து செல்லாது.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. குடித்திருந்தாலோ, பாதுகாப்பு மூடி என்று தெரிந்தே அதைத் தொழிலாளி தானாகக் கழற்றியிருந்தாலோ, மரணமும் நிரந்தர முழு ஊனமும் அல்லாத காயங்களுக்கு முதலாளி பொறுப்பல்ல. விரலோ ஒரு கையோ போவது பெரும்பாலும் இந்த வகையில்தான் வரும். முதலாளியே கழற்றி வைத்திருந்தால் பழி தொழிலாளி மேல் விழக் கூடாது; அதற்குச் சாட்சி வேண்டும். வேலை தொடங்குமுன் ஹாப்பரைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

மிஷினிலேயே குறை இருந்தால், எச்சரிக்கை குறிப்பே தராமல் விற்றிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி தயாரிப்பாளர் மீது வழக்குப் போடலாம். பிழைப்புக்காகத் தானே ஓட்ட வாங்கியவரும் நுகர்வோர்தான். ரசீதைத் தொலைக்காதீர்கள், கெடு இங்கும் இரண்டு ஆண்டு. ஆலோசனைக்கு 1915, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

வங்கிக் கணக்கு உள்ளவர்கள் ஆண்டுக்கு ரூ.20 கட்டும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள். ஒரு கை இழந்தால் ரூ.1 லட்சம் கிடைக்கும்.

நாளைக் காலை சிப்பரை வண்டியிலிருந்து இறக்கியதும் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் ஸ்பேனரை எடுத்து அந்த நான்கு போல்ட்டையும் முடுக்குங்கள்.