முன்னால் போகிறவரின் பின்சில்லு

சிட்னியின் பிளாக்டவுனில் இறுக்கமான லைக்ரா காற்சட்டையோடு சைக்கிள் ஓடுகிறவரின் வீட்டில் அநேகமாகக் காரும் நிற்கும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு இது லேசில் பிடிபடாது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்களுக்குப் பெற்றோல் இல்லை. நோயாளி, விறகு, நெல்மூட்டை எல்லாம் கரியரில்தான் போயின. கரண்டும் இல்லாததால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். அப்படி உழக்கிய தலைமுறையை விடிய ஐந்து மணிக்கு எழுப்பி, ஒரு அலுவலும் இல்லாமல் அறுபது கிலோமீற்றர் ஓடிவிட்டு வா என்றால் சிரிக்காமல் என்ன செய்யும்?

ஆனாலும் இங்கே ஓட இடம் இருக்கிறது. 2005 டிசம்பரில் எம்7 நெடுஞ்சாலை திறந்தபோது, போல்க்கம் ஹில்ஸிலிருந்து பிரெஸ்டன்ஸ் வரை அதன் ஓரமாகவே சுமார் 40 கிலோமீற்றருக்குச் சைக்கிளுக்கும் நடைக்கும் தனிப்பாதை போட்டார்கள். அழகான பாதை என்று சொல்லமாட்டேன். லொறி இரைச்சல், ஓயாத சின்னச் சின்ன ஏற்றங்கள். ஆனால் சிக்னலில் காவல் நிற்கும் தொல்லை குறைவு. தனியே பழக அது போதும்.

கூட்டமாக ஓடுவதென்றால் வீதிக்கு இறங்கவேண்டும். நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி இருவர் அருகருகே ஓடலாம். 2016 முதல், கடந்து போகும் கார் ஒரு மீற்றராவது இடம் விடவேண்டும். வேக எல்லை 60க்கு மேலென்றால் ஒன்றரை மீற்றர். கூட்டத்தில் முன்னால் போகிறவர் காற்றை வெட்டுகிறார். ஒட்டிப் போகிறவருக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அதற்கு, போன கிழமை அறிமுகமான ஒருவரின் பின்சில்லுக்கு ஒரு முழம் பின்னால், முப்பதுக்கு மேல் வேகத்தில் போகும் துணிவு வேண்டும்.

“தம்பி, சில்லையே பாத்துக்கொண்டு ஓடாதையும். அந்தாளின்ர இடுப்பைப் பாரும், றோட்டைப் பாரும்” என்று பழக்கியவர் டூங்காபியில் இருக்கும் ஒரு மூத்தவர். கிடங்கு வந்தால் முன்னவர் கையைக் கீழே நீட்டிக் காட்டுவார். பார்த்தவர் தன் பின்னவருக்குக் காட்டுவார். களைத்தவர் முழங்கையை ஒருதரம் ஆட்டிவிட்டு ஒதுங்குவார். அடுத்தவர் காற்றுக்கு முகம் கொடுக்கவேண்டும். ஏலாதவர் முன்னால் அரை நிமிஷம் நின்றாலே போதும், ஒருவரும் குறை சொல்வதில்லை. ஏலக்கூடியவர் கடைசிவரை பின்னால் ஒளிந்து வந்தால்தான் கோப்பிக் கடையில் அவர் கதை அடிபடும். தேர்வடம் பிடிக்கிற கணக்குத்தான். எங்கள் கூட்டத்துப் பஞ்சாபிக்கும் பிலிப்பைன்ஸ்காரருக்கும் எனக்கும் இதில் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

வசந்தத்தில் மட்டும் எதிரி மேலிருந்து வரும். குஞ்சு காக்கும் மக்பை பறவை பாய்ந்து தலையில் கொத்தும். அதற்காகச் சிலர் ஹெல்மெட்டில் கேபிள் டைகளை நிமிர்த்திக் கட்டுகிறார்கள். மக்பை அதைப் பெரிதாக மதிப்பதாகத் தெரியவில்லை.

நவம்பரில் சிட்னியிலிருந்து வொலொங்கொங் வரை நடக்கும் சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். 80 கிலோமீற்றருக்குச் சற்று மேல். எம்எஸ் என்ற நரம்பு நோயால் வருந்துவோருக்கு நிதி சேர்ப்பது. றோயல் தேசியப் பூங்காவின் ஏற்றத்தைச் சொல்லி இப்போதே பயம் காட்டுகிறார்கள். அந்த ஏற்றத்துக்கு எப்படிப் பழகுகிறோம் என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.