மயிலை டிக்கியில் ஏற்றுவது எப்படி?

டொரோண்டோவில் சனிக்கிழமை வகுப்பு ஒன்றில் நானும் மகளும் வண்ணக் கண்ணாடியில் மயில் செய்கிறோம். போன மாதம் நீலக் கண்ணாடி ஷீட் ஒன்றைக் கார் டிக்கியில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்தேன். ஒரே ஒரு ஸ்பீடு பிரேக்கர்தான். 'டப்'! வீடு வரும்வரை மகள் பேசவேயில்லை.

சென்னையில் கண்ணாடிக் கடைக்காரர்கள் மீன்பாடி வண்டியில் எப்படிக் கொண்டுபோவார்கள், ஞாபகம் இருக்கிறதா? நிமிர்த்திச் சாய்த்துத்தான். எஞ்சினியரிங் படித்த எனக்கு அது உறைக்கவில்லை பாருங்கள். படுக்கவைத்த 3 மில்லிமீட்டர் கண்ணாடி, வண்டி குதிக்கும்போதெல்லாம் வளையும். வளையும்போது அடிப்பக்கம் இழுபடும். அழுத்தினால் தாங்கும் கண்ணாடி, இழுத்தால் தாங்காது. இப்போது ஷீட்டுகளுக்கு நடுவே நியூஸ்பேப்பர் வைத்து, அட்டைப்பெட்டியில் நிமிர்த்தி, அசையாமல் கட்டிவிடுகிறேன்.

பாதி முடிந்த மயிலுக்கு இது நேர் எதிர். செம்புப் பட்டை சுற்றி, இன்னும் சால்டர் வைக்காத துண்டுகளை நிமிர்த்தினால் எல்லாம் கொட்டிவிடும். அதைப் பலகையில் படுக்கவைத்து, ஓரமெல்லாம் ஊசி குத்தி, மேலே ஃபோம், இன்னொரு பலகை. ஒட்டுகளில் ஒவ்வொரு துளி சால்டர் வைத்துவிட்டால் இன்னும் நிம்மதி. பிளாஸ்டிக் பையும் போடுங்கள். செம்பு கறுத்தால் சால்டர் சரியாகப் பிடிக்காது.

போன சனிக்கிழமை மயில் டிக்கியில் வந்தது. மகள் பின்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, “ஸ்லோவா போங்கப்பா” என்றாள்.