பிரேக் பெடல் காலை உதைக்கிறதா?

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகம். இன்னும் பொழுது விடியவில்லை. ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு பிக்கப் வண்டி சிதம்பரத்துக்குப் புறப்படுகிறது. ஏறக்குறைய 45 கிலோ மீட்டர் தூரம். ஐஸ் கரைவதற்குள் சரக்கை மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டும்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் ஒரு மாடு குறுக்கே வருகிறது. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். வண்டி நிற்கிறது. ஆனால் காலுக்கு அடியில் பெடல் 'தட், தட், தட்' என்று துள்ளுகிறது!

இதைத்தான் "பெடல் உதைக்குது" என்கிறார்கள்.

"வண்டிதான் நிற்கிறதே!" என்று அப்படியே ஓட்டுகிறவர் உண்டு. பயந்துபோய், வட்டிக்கு வாங்கியாவது புது டிஸ்க் மாட்டுகிறவரும் உண்டு. சில மாதங்களில் புது டிஸ்க்கும் உதைக்கத் தொடங்கும். போட்ட பணம் போச்சு!

ஏன் அப்படி?

உதைப்பது எது?

பல பிக்கப் வண்டிகளில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக். டிஸ்க் என்பது ஒரு இரும்புத் தட்டு. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பெடலை மிதித்தால், பிரேக் ஆயில் குழாய் வழியாக அழுத்தத்தோடு பாய்கிறது. இரண்டு பக்கமும் உள்ள பேடுகள் தட்டைக் கவ்விப் பிடிக்கின்றன.

இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்ற எஞ்சினீயர் 1902-ம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் வைத்தது செம்புப் பேடு. பிரேக் போட்டால் ஊரையே எழுப்பும் சத்தம்! நம் சென்னை பாடியில் 'பிரேக்ஸ் இந்தியா' கம்பெனி 1962-ல் தொடங்கப்பட்டது.

தட்டு எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருந்தால் பேடு வழுக்கிக்கொண்டு போகும். ஓரிடம் தடித்து, ஓரிடம் மெலிந்திருந்தால்? தடித்த இடம் வரும்போதெல்லாம் பேடைப் பின்னால் தள்ளும். பேடு ஆயிலைத் தள்ளும். ஆயில் பெடலைத் தள்ளும். பெடல் உங்கள் காலைத் தள்ளும்!

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் இப்படி ஆகும்? ஒரு மில்லி மீட்டரை ஐம்பது பங்காகப் போட்டு, அதில் ஒரு பங்கு போதும். தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு! கண்ணால் பார்த்து, "டிஸ்க் நன்றாகத்தான் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

துருதான் திருடன்

"சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது" என்பது பட்டறைகளில் வழக்கமாகச் சொல்வது. பல நேரங்களில் அது சரியல்ல. தட்டு வளைவதில்லை. கோணலாக உட்காருகிறது.

சக்கரத்தின் நடுவே ஹப் இருக்கிறது. அதன்மேல்தான் டிஸ்க் உட்காருகிறது. மீன் பெட்டியிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீரும், கடற்கரைக் காற்றும் அங்கே துருவை வளர்க்கின்றன. துருப் பொருக்கு ஒன்று இடையில் அகப்பட்டால் தட்டு சாய்ந்துவிடும். பிறகு பிரேக் போடாத நேரத்திலும், ஒவ்வொரு சுற்றிலும் தட்டின் அதே இடம் பேடில் உரசும். சில ஆயிரம் கிலோ மீட்டரில் அந்த இடம் மெலிந்துவிடும்.

அந்தத் துருவைச் சுரண்டாமல் புது டிஸ்க் மாட்டினால், புது டிஸ்க்குக்கும் அதே கதிதான். இப்போது புரிகிறதா, பணம் எங்கே போனது என்று?

சக்கர நட்டுகளை இஷ்டத்துக்கு முறுக்குவதாலும் தட்டு கோணும். எதிரும் புதிருமாக, ஒரே அளவில் முறுக்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு வேறு தொல்லை. கடலூர் மாவட்டம் 2015 வெள்ளத்தை மறந்திருக்காது. ஈரத்தோடு பல நாள் அசையாமல் நின்றால், பேடு மூடிய இடம் ஒரு மாதிரியும் மற்ற இடம் ஒரு மாதிரியும் துருப்பிடிக்கும். அதுவும் காலை உதைக்கும்.

முன்னாலா, பின்னாலா?

பிரேக் போடும்போது ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடினால், பெரும்பாலும் முன் சக்கரத்தில்தான் கோளாறு. ஸ்டியரிங் சும்மா இருக்க, சீட்டும் பெடலும் ஆடினால் பின் டிரம்மைச் சந்தேகிக்கலாம். டிரம் வட்டம் தப்பியிருக்கும்.

ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களில் பிடிக்கும் வண்டியானால் ஒரு சோதனை உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத வெற்றிடத்தில், சரக்கு ஏற்றாமல், மெதுவாகப் போகும்போது, பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு லேசாக இழுக்க வேண்டும். அப்போதும் அதே ஆட்டம் வந்தால் குற்றவாளி பின்னால் இருக்கிறான். பழக்கமில்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடமே விட்டுவிடட்டும்.

ஏ.பி.எஸ். உள்ள வண்டியில், மழைச் சாலையில் அவசரமாக மிதித்தால் பெடல் படபடக்கும். அது கோளாறு அல்ல. காலை எடுக்கக் கூடாது. மெதுவாக நிறுத்தும்போதும் அப்படிச் செய்தால் பார்க்க வேண்டியதுதான்.

பட்டறையில் கேளுங்கள்

ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். நட்டு தளர்ந்தோ, பேரிங் தேய்ந்தோ இருந்தால் அந்த வண்டியில் அன்றைக்குச் சரக்கு ஏற்றவே கூடாது. சக்கரம் கழன்றால் மீன் போவது மட்டுமா?

அடுத்தது அளவு. டயல் கேஜ் வைத்துத் தட்டைச் சுற்றினால் சாய்வு தெரியும். மைக்ரோ மீட்டரால் ஏழெட்டு இடத்தில் கனத்தை அளந்தால் தேய்வு தெரியும். இரண்டும் இல்லாத பட்டறையில் "டிஸ்க் மாற்று" என்றால், இன்னொரு பட்டறையிலும் கேட்டுவிடுவது நல்லது.

லேத்தில் கடைந்து சரி செய்யலாமா? செய்யலாம். ஆனால் எந்தக் கனத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது பெரும்பாலும் டிஸ்க்கின் மேலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போய்விட்டால் பழைய இரும்புக் கடைக்குத்தான். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். மாட்டுவதற்கு முன்னால் கம்பி பிரஷ் போட்டு ஹப்பைத் தேய்க்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நூறு கிலோ மீட்டர் ஓட்டியபின் நட்டுகளை ஒருமுறை சரி பார்த்துக்கொள்ளுங்கள்.