உங்களுக்குத் தெரியுமா? சியாச்சினில் இறங்கிய ‘பிரசண்ட்’

● 1999 கார்கில் போரில், துருப்புகளை ஏற்றிச் செல்லும் எம்ஐ-17 ஹெலிகாப்டர்களில் ராக்கெட் பொருத்தித்தான் இந்திய விமானப்படை தாக்கியது. மே 28 அன்று அவற்றில் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. நான்கு வீரர்கள் உயிரிழந்தனர். மலைப்போருக்கென்றே தனித் தாக்குதல் ஹெலிகாப்டர் வேண்டும் என்ற தேவை அப்போது உறைத்தது.

● உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்துவிடும். விசிறிக்குத் தூக்குவிசை குறையும், என்ஜினும் திணறும். எடை மிகுந்த ஹெலிகாப்டர்கள் அங்கே ஆயுதத்தைச் சுமந்து பறப்பது பெரும்பாடு. எனவே ‘துருவ்’ ஹெலிகாப்டரின் ‘சக்தி’ என்ஜின்களையும் விசிறி அமைப்பையும் எடுத்துக்கொண்டு, 5.8 டன் எடை வரம்புக்குள் ஒல்லியான உடல்கொண்ட ‘பிரசண்ட்’ தாக்குதல் ஹெலிகாப்டரை வடிவமைத்தது ஹெச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம்).

● 2010 மார்ச் 29-ல் பெங்களூருவில் முதல் பறப்பு. 2015-ல் சியாச்சின் முன்னரண் தளங்களில் இறங்கிக் காட்டியது.

● விமானிகள் இருவரும் முன்னும் பின்னுமாக அமர்வார்கள். தலைக்கவசத்தில் உள்ள குறிபார்க்கும் கருவி மூலம், விமானி தலையைத் திருப்பும் பக்கம் மூக்கிலுள்ள 20 மி.மீ. துப்பாக்கியும் திரும்பும். 70 மி.மீ. ராக்கெட்டுகளும் வான்வழி இலக்குகளுக்கான ‘மிஸ்ட்ரல்’ ஏவுகணைகளும் உண்டு.

● 2022 அக்டோபர் 3-ல் ஜோத்பூரில் விமானப்படையில் சேர்ந்தது. முதலில் வாங்கியவை 15. 2025 மார்ச்சில் ரூ.62,700 கோடிக்கு மேலும் 156 வாங்க ஒப்பந்தம்: தரைப்படைக்கு 90, விமானப்படைக்கு 66.