நோய் ஏழைக்கு, வரி டில்லிக்கு!

வரி ஏறிய சேதியை நாட்டு மக்களுக்கு முதலில் சொல்பவர் யார்? நாடாளுமன்றத்திலே எழுந்து நின்று பட்டியல் படிக்கும் நிதியமைச்சர் என்று பெரிய ஏடுகள் எழுதும். நாம் சொல்வோம், தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் என்று! வரி போடுபவர் டில்லியிலே இருக்கிறார். வசவு கேட்பவர் வண்டிப்பேட்டையிலே இருக்கிறார்.

"என்ன அண்ணாச்சி, நேற்று ஒரு விலை, இன்று ஒரு விலையா? பாக்கெட்டிலே பழைய விலைதானே அச்சடித்திருக்கிறது?" என்று வாடிக்கைக்காரர் சீறுவார். "நான் என்ன செய்யட்டும் தம்பி? மொத்த வியாபாரி ஒரு வாரமாகச் சரக்கே தரவில்லையே!" என்று அண்ணாச்சி அங்கலாய்ப்பார். புகையிலைக்கு வரி ஏறும் ஒவ்வொரு முறையும் ஊர்தோறும் நடக்கும் உரையாடல் இது. வாங்குபவரும் ஏழை, விற்பவரும் ஏழை. சண்டை மூட்டிவிட்டவர் மட்டும் சபையிலே மேசை தட்டும் ஓசை கேட்டு மகிழ்ந்திருப்பார்!

2026 பிப்ரவரி முதல் நாள் தொடங்கிய புதிய ஏற்பாட்டைப் பாருங்கள். சிகரெட்டுக்கு ஜி.எஸ்.டி. 100க்கு 40. அதன் மேலே ஆயத்தீர்வை, நீளத்துக்குத் தக்கபடி, 1,000 சிகரெட்டுக்கு 2,050 ரூபாய் முதல் 8,500 ரூபாய் வரை. ஆக, மிகக் குட்டையான சிகரெட் ஒன்றுக்கு ஆயத்தீர்வை மட்டும் 2 ரூபாய் 5 காசு. 5 காசு! 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30க்குப் பிறகு செல்லாது என்று அறிவித்ததே இதே டில்லிதான். செல்லாத காசிலே சட்டம் கணக்குப் போடுகிறது. செல்லும் ரூபாயிலே ஏழை கொடுக்கிறான். நடுவிலே விழும் சில்லறை யாரைச் சேருகிறது என்று எந்தக் கணக்கதிகாரியும் கேட்பதில்லை.

நஞ்சுக்கு வாதாட வரவில்லை

"ஓகோ! புகையிலைக்குப் பரிந்து பேசக் கிளம்பிவிட்டீர்களோ?" என்று நம்மைக் கேலி பேச நினைப்போர் சற்றுப் பொறுத்திடுக. நாம் நஞ்சுக்கு வாதாட வரவில்லை. புகையிலையால் இந்தியாவிலே ஆண்டொன்றுக்கு 13 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாள்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. விலை உயர்ந்தால் பழக்கம் குறையும், குறிப்பாக இளைஞரும் ஏழையரும் தொடத் தயங்குவர் என்பதும் பல நாடுகளிலே கண்ட உண்மை. சிகரெட்தான் கேடு, பீடி சாது என்று சொல்வாரும் உண்டு. அதுவும் பொய். தாரும் கரிவாயுவும் பீடியிலே குறைவில்லை.

ஆகவே வரியே கூடாது என்று நாம் முழங்கவில்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்று. எந்தப் பெயரைச் சொல்லி வரி வாங்குகிறீர்களோ, அந்தப் பெயருக்கு உரியவனிடம் அந்தப் பணம் போய்ச் சேருகிறதா? "உன் உடல் நலத்துக்காகத்தான் வாங்குகிறோம்" என்று கூறிப் பணத்தைப் பெற்றுக்கொண்டவர், அந்த உடல் நலிந்து படுத்தபோது எங்கே நிற்கிறார்?

யுத்தத்திலே பிறந்த வரி

இந்த வரியின் பிறப்பைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டிலே வெள்ளைக்கார சர்க்கார் புகையிலைக்கு ஆயத்தீர்வை விதித்தது. அன்று எவரும் மக்கள் நலம் என்று மூச்சுவிடவில்லை; கஜானாவுக்குப் பணம் வேண்டியிருந்தது, கை நீட்டினார்கள். யுத்தம் 1945லே ஓய்ந்தது. ஆட்சி 1947லே மாறியது. தீர்வை மட்டும் ஓயவும் இல்லை, மாறவும் இல்லை! இலையை விளைவித்துப் பதப்படுத்தியவரின் வீட்டுவாசல் வரைக்கும் ஆயத்துறையின் கணக்குப் புத்தகம் நீண்டது. பச்சைச் சரக்கின் மீதான அந்தத் தீர்வை 1979லேதான் எடுக்கப்பட்டது. அதன்பின் பாரம், செய்து முடித்த சரக்கின்மேல் ஏறிக்கொண்டது.

யுத்தத்துக்காக வந்த வரிக்குப் பிற்காலத்தில்தான் "சுகாதாரம்" என்ற சந்தனம் பூசினார்கள். பூசட்டும்! பூசியதற்கேற்ற மணம் வீசவேண்டாமா?

பெயர் ஒன்று, போகுமிடம் வேறொன்று

பெயர்களைப் பாருங்கள். 2001ஆம் ஆண்டு, குஜராத் பூகம்பம் நடந்த அதே ஆண்டு, சிகரெட்டின்மேல் தேசியப் பேரிடர் தீர்வை என்று ஒன்று வந்தது. பேரிடரில் சிக்கியோருக்கு உதவவேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பூகம்பத்துக்கும் புகைப்பவனின் நுரையீரலுக்கும் என்ன உறவு?

2017 ஜூலை 1ஆம் நாள் ஜி.எஸ்.டி. வந்தது. புகையிலைக்கு 100க்கு 28; சிகரெட் போன்றவற்றுக்கு அதன்மேல் இழப்பீட்டு மேல்வரி. மாநிலங்கள் தம் வரி உரிமையை விட்டுக்கொடுத்ததால் வந்த இழப்பை ஐந்தாண்டு ஈடுகட்ட அந்த மேல்வரி. பிறகு, கொரோனாக் காலத்திலே அந்த ஈட்டுக்காக வாங்கிய 2.69 லட்சம் கோடி ரூபாய்க் கடனை அடைக்கவும் அதே மேல்வரி. மாநிலங்களுக்குப் பணம் வந்தது உண்மை. ஆனால், நலிந்த உடலுக்கு என்று எடுத்துவைத்தது எவ்வளவு? அந்த மேல்வரியின் பெயரிலேயே நோயாளிக்கு இடமில்லை. பிறகு பையிலே எப்படி இடமிருக்கும்?

2025 டிசம்பரிலே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று, புகையிலைக்கான ஆயத்தீர்வையை உயர்த்துவது. இந்தத் தீர்வை மாநிலங்களோடு பகிரப்படும் தொகுப்பிலே சேரும் என்று அவர் அறிவித்தார், அதை வரவேற்கிறோம். மற்றொன்று, பான் மசாலாவுக்கு ஒரு புதிய மேல்வரி. அதன் பெயரைக் கேளுங்கள்: "ஹெல்த் செக்யூரிட்டி சே நேஷனல் செக்யூரிட்டி செஸ்". ஆங்கிலச் சொற்கள் ஐந்து, நடுவிலே கோத்துவிட இந்திச் சொல் ஒன்று! உடல் நலத்திலிருந்து நாட்டுப் பாதுகாப்புக்கு என்று பொருளாம். மருத்துவமனைக்குக் கிளம்பிய பணம் பீரங்கிக் கிடங்கு வரை போகலாம் என்று பெயரிலேயே வழி வெட்டிவிட்டார்கள்.

மேல்வரி என்ற ஏற்பாட்டிலே இன்னொரு சூட்சுமம் உண்டு. அரசியல் சட்டத்தின் 270ஆவது விதிப்படி மேல்வரியும் கூடுதல் வரியும் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் தொகுப்பிலே சேரமாட்டா. பதினைந்தாவது நிதிக்குழு மாநிலங்களுக்கு 100க்கு 41 என்று பங்கு சொன்னது. அந்த 41 மேல்வரிக்குப் பொருந்தாது. "பொது நோக்கத்துக்கு அல்ல, குறிப்பிட்ட காரியத்துக்காக வாங்குகிறோம், ஆகவே பங்கு கேட்காதே" என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்தக் குறிப்பிட்ட காரியமாவது நடக்கிறதா? 2018–19ஆம் ஆண்டிலே 35 வகை மேல்வரிகள் மூலம் வந்த பணம் ஏறத்தாழ 2.74 லட்சம் கோடி ரூபாய்; அவற்றுக்கென அமைந்த நிதிகளிலே கொண்டுபோய்ச் சேர்த்தது ஏறத்தாழ 1.64 லட்சம் கோடி ரூபாய் மட்டுமே. இதைச் சொன்னது நாமல்ல. இந்திய நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்!

பொது சுகாதாரமும் மருத்துவமனையும் அரசியல் சட்டப்படி மாநிலங்களின் பொறுப்பு. புண்பட்ட வாயோடும் பழுதுபட்ட நுரையீரலோடும் வருபவன் டில்லிக்கா ரயில் ஏறுகிறான்? மாவட்டத் தலைநகரின் சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலிலே வந்து நிற்கிறான். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றிலே தோற்றுவித்த புற்றுநோய் மருத்துவமனையை நோக்கி வருகிறான். வரி வடக்கே போகிறது. வலி தெற்கே தங்குகிறது.

அரைக் காசின் கதை

வாங்கியவன் கதை இது. உருட்டியவள் கதை இதைவிடக் கொடியது.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், குடியாத்தம், பேர்ணாம்பட்டு. இந்த ஊர்களிலே திண்ணை தோறும் முறத்தை மடியிலே வைத்துக்கொண்டு குனிந்திருக்கும் தாய்மாரைக் காணலாம். மத்தியப் பிரதேசத்துக் காட்டிலும் ஒடிசாக் காட்டிலும் பறித்த இலையை நனைத்து, அளவு பார்த்துக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நுனி மடக்கவேண்டும். 1,000 பீடி சுற்றினால்தான் 1,000க்கான கூலி. சரியில்லை என்று கழித்துப் போட்டதற்குக் கூலி கிடையாது. தூள் நெஞ்சுக்குள் போவதற்கும் கூலி கிடையாது! மத்திய சர்க்காரின் கணக்குப்படியே இந்நாட்டில் பீடித் தொழிலாளர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். அவர்களிலே பெரும்பாலோர் பெண்கள்.

இந்தத் தாய்மாருக்கென்று ஒரே ஒரு சிறு வரி இருந்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பீடித் தொழிலாளர் நலநிதிக்கான மேல்வரி. கடைசியிலே அது 1,000 பீடிக்கு 5 ரூபாய். ஒரு பீடிக்கு அரைக் காசு! அந்த அரைக் காசுகள் சேர்ந்துதான் பிள்ளைகளுக்குப் படிப்புதவித் தொகையாயிற்று, வீடு கட்ட உதவியாயிற்று, மருந்தகமாயிற்று, முக்கூடலிலே மருத்துவமனையாயிற்று. புகையிலையின்மேல் போட்ட எத்தனையோ வரிகளிலே, பெயர் சொன்ன இடத்துக்கே போய்ச் சேரவேண்டும் என்று தொழிலாளியை முன்னிறுத்திப் பிறந்த வரி இதுதான்.

அதற்கு என்ன ஆயிற்று? ஜி.எஸ்.டி. பிறந்த அன்றே, 2017 ஜூலை 1ஆம் நாள், இது ஒழிக்கப்பட்டது! வரிகளையெல்லாம் ஒன்றாக்குகிறோம் என்றார்கள். பேரிடர் தீர்வை நின்றதா? இல்லை. புதிய மேல்வரி வராமல் போயிற்றா? இல்லை. எத்தனையோ கோடிகள் வரும் வாய்க்கால்களைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஏழைத் தாயின் அரைக் காசு வரும் ஓட்டையை மட்டும் அடைத்தார்கள்.

உதவியே நின்றுபோயிற்று என்று நாம் கூறவில்லை. பட்ஜெட்டிலிருந்து ஒதுக்குகிறார்கள், திட்டங்கள் நடக்கின்றன. ஆனால், முன்பு அது அவள் சுற்றிய பீடியிலிருந்து வந்த பணம். கேட்டு வாங்கும் உரிமை இருந்தது. இன்று அது மந்திரியார் மனம் வைத்து ஒதுக்கும் பணம். உரிமையாய் வந்தது கருணையாய் வருகிறது! அந்தக் கருணையைப் பெறவும் இணையதளத்திலே மனுப்போடவேண்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு, வருமானச் சான்று, கைப்பேசிக்கு வரும் இரகசிய எண் எல்லாம் வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கணினி மையத்து வாசலிலே வரிசையில் நிற்கும் தாயிடம் போய், "எல்லாம் எளிதாகிவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள்.

2025 செப்டம்பரிலே ஜி.எஸ்.டி. மன்றம் கூடிப் பீடி இலைக்கான வரியை 18லிருந்து 5 ஆக்கியது. பீடிக்கான வரியை 28லிருந்து 18 ஆக்க முடிவெடுத்தது. பீடிக்கான குறைப்பு 2026 பிப்ரவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. தொழிலாளர் நலன் கருதி என்றார்கள். நல்லது, குறைத்ததிலே ஒரு பங்கு கூலியாக முறத்துக்கு வந்தாகவேண்டும் என்று அந்த அறிவிப்பிலே ஒரு வரி உண்டா? அந்த வரி மட்டும் இல்லை! வரி ஏறினால் பீடி விற்பனை குறையும், வேலை குறையும் என்று அவளைத்தான் முன்னே நிறுத்துகிறார்கள். வரி இறங்கினால் அவளைக் கேட்காமலே ஆதாயம் முதலாளியின் பெட்டிக்குள் போய்விடுகிறது.

ஆறும் பதினேழும்

உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை இந்தியா 2004இல் ஏற்றது. அதன் 6ஆவது விதி, வரியாலும் விலையாலும் பழக்கத்தைக் குறை என்கிறது. அதன் 17ஆவது விதி, புகையிலையை நம்பிப் பிழைக்கும் தொழிலாளிக்கும் விவசாயிக்கும், இடத்துக்கேற்பச் சில்லறை வியாபாரிக்கும், மாற்றுப் பிழைப்புக்கு வழி செய் என்கிறது. ஒரே ஏட்டிலே உள்ள இரண்டு விதிகள்! ஆறாம் விதியைப் படிக்கும்போது டில்லியின் கண் கூர்மையாக இருக்கிறது. பதினேழாம் விதிக்கு வரும்போது தூக்கம் வந்துவிடுகிறது. பயிற்சி, மாற்றுத் தொழில் என்று சில தொடங்கினார்கள்; அவை வரி விரிந்த அளவுக்கு விரிந்தனவா என்று திண்ணையிலே போய்க் கேளுங்கள்.

ஆகவே நாம் கேட்கிறோம். பீடிக்கும் சிகரெட்டுக்கும் விதிக்கும் தீர்வையிலிருந்து 1,000க்கு இவ்வளவு என்று சட்டத்திலேயே எழுதி, அதைப் பீடித் தொழிலாளரின் மருத்துவத்துக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், மாற்றுத் தொழிலுக்கும் ஒதுக்குங்கள். புகையிலையின்மேல் போடும் மேல்வரிகளையும் மாநிலங்களின் பங்கிலே சேருங்கள். நோயாளியைத் தாங்குபவர் கையிலே பணம் இருக்கட்டும். ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுங்கள்: புகையிலையால் வந்தது இவ்வளவு, புகையிலையால் நொந்தவருக்குத் தந்தது இவ்வளவு என்று இரண்டே வரியில் போதும்.

இது சலுகையல்ல, பிச்சையல்ல. புகைத்தவன் கொடுத்த பணம். சுற்றியவள் உழைத்த பணம். நாளைக்கு ஒருவரும் புகைக்காத நாடு வந்தால் அதை முதலில் வாழ்த்துவோர் நாமாகவே இருப்போம். அந்த நாள் வருமுன்பே முறத்தை இறக்கிவைத்துவிட்டு வேறு வேலைக்கு நிமிர்ந்து நடக்க அந்தத் தாய்க்கு வழி வேண்டும். அந்த வழிக்கான பணத்தைத்தான், அவள் சுற்றிய ஒவ்வொரு பீடியிலிருந்தும் அரைக் காசு அரைக் காசாக, முன்பு எடுத்துவைத்தார்கள். 2017இல் நிறுத்திய அந்த அரைக் காசைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு சுகாதாரம் பற்றிப் பேசுங்கள், நாமும் கேட்கிறோம்!