ஆயா ஏன் வலியோடு கிடக்க வேண்டும்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டினால் திருவிடந்தை. கல்யாணம் கூடிவர வேண்டும் என்று நித்யகல்யாணப் பெருமாளை மாலையும் கழுத்துமாக ஒன்பது சுற்று சுற்றுகிறவர்களால் ஊர் எப்போதும் கலகலப்பாக இருக்கும். இந்தக் கரையோர ஊர்களின் உள்தெருக்களில் இன்னொரு வாழ்க்கையும் நடக்கிறது. “இனி ஆஸ்பத்திரியில செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று அனுப்பப்பட்ட ஆயாவோ தாத்தாவோ படுத்திருக்கும் வீடுகள் அவை. மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பகல் முழுக்கக் கட்டிலருகே இருப்பது பேரனோ பேத்தியோதான். இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்காக.

செய்ய ஒன்றுமில்லை என்பது தவறு. நோயைக் குணமாக்க முடியாமல் போகலாம். வலியைப் பெரும்பாலும் அடக்க முடியும். அதற்கான படிமுறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வகுத்துவிட்டது. சாதாரண வலிக்குப் பாராசிட்டமால், கடும் வலிக்கு மார்ஃபின். வாய்வழி மார்ஃபினை வலி வரட்டும் என்று காத்திருந்து தருவதில்லை. வருவதற்கு முன்பே, மருத்துவர் சொன்ன அளவில், வழக்கமாக நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை தர வேண்டும். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் விடாது. அதனால் பேதி மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். “அது போதை மருந்தாச்சே, கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்களே” என்று உறவினர்கள் பயமுறுத்துவார்கள். சரியான அளவில் தந்தால் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. வலிக்காகச் சாப்பிடும் ஆயா அதற்கு அடிமையாகிவிடுவார் என்ற அச்சமும் வேண்டாம்.

மார்ஃபின் எடுக்கப்படும் அபினியைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு நம்முடையது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்துக்கொள்ளவே தயங்கின. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதானது. இருந்தும் எல்லா மருந்துக்கடையிலும் அது கிடைப்பதில்லை. செங்கல்பட்டுக்கோ அடையாறுக்கோ பஸ் ஏறித்தான் வாங்க வேண்டும் என்ற நிலை எந்தக் குடும்பத்துக்கும் இருக்கக் கூடாது. வட்டார அரசு மருத்துவமனை வரை மார்ஃபின் வந்தாக வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை தருவதும் அடக்கம். ஊருக்கு வரும் சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். புண்ணைத் துடைத்துக் கட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, வாயைச் சுத்தம் செய்வது எல்லாவற்றையும் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டில் பெரிய சண்டை சாப்பாட்டில்தான் வரும். “நாலு வாய் கஞ்சிகூட எறங்கல, நீ என்னத்தப் பாத்துக்கிற?” என்று பார்க்க வந்தவர்கள் பேத்தியைக் கேட்பார்கள். கடைசி வாரங்களில் உடம்பே சாப்பாட்டைக் கேட்பதில்லை. சாப்பிடாததால் நோய் முற்றவில்லை, நோய் முற்றியதால்தான் சாப்பாடு இறங்கவில்லை. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா தெம்பு வரும்” என்பதும் அப்படித்தான். அந்த நிலையில் உடம்பால் ஏற்க முடியாத நீர், கைகாலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் தங்கும். கேட்டால் இரண்டு ஸ்பூன் மோர் கொடுங்கள், கேட்காவிட்டால் ஈரப் பஞ்சால் உதட்டை நனையுங்கள். அதுவே போதும். பேத்தியின் மேல் பழி போடாதீர்கள்.

இன்னொன்று, நோயின் பெயரை மறைப்பது. “சும்மா கட்டிதான் ஆயா” என்று வீடே சேர்ந்து சொல்லும். பெரும்பாலான ஆயாக்களுக்கு விஷயம் தெரிந்தே இருக்கும்; நம்மைக் கலங்கவைக்க வேண்டாம் என்று அவர்களும் நடிப்பார்கள். “நான் பொழைப்பனா?” என்று கேட்டால் பேச்சை மாற்றாமல், “உனக்கு என்ன பயமா இருக்கு ஆயா?” என்று திருப்பிக் கேளுங்கள். கம்மல் யாருக்கு, கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரியா வீடா, பேசாமலிருக்கும் மகனை வரச் சொல்வதா என்று அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் உருவானதற்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமும் ஒரு காரணம். பக்கத்தில் இருந்து பார்ப்பவரையும் இந்த நோய் விட்டுவைப்பதில்லை. பேத்திக்குப் பரீட்சை இருக்கிறது, தூக்கம் வேண்டும், அழ ஓர் இடம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வரும் சித்தப்பாக்களே, அடுத்த முறை மாற்றுத்துணியோடு வாருங்கள். சனிக்கிழமை இரவு மருந்து கொடுக்கும் முறை உங்களுடையதாக இருக்கட்டும்.