மழைக்கு அசராத சைக்கிள் பை... லாரி தார்ப்பாய் சொல்லித்தரும் ரகசியம்!

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரம். ஓசூரைத் தாண்டி தளி, ஜவளகிரி பக்கம் போனால் ஊரும் மாறும், காற்றும் மாறும். வெயில் காலத்திலும் குளுமை தங்கும் மேட்டுநிலம் என்பதால், தளிக்கு ‘குட்டி இங்கிலாந்து’ என்றே பெயர். அந்தக் குளுமையோடு மழையும் சேர்ந்தே வரும். ஜூன் மாதம் சாரலாக எட்டிப் பார்க்கும் மழை, செப்டம்பர், அக்டோபரில் வலுத்து இறங்கும். காலையில் பளிச்சென்று வெயிலடிக்கும். மாலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்.

இந்தச் சாலைகளில் சைக்கிளுக்குக் குறைவில்லை. அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய் வருபவர்கள், வார விடுமுறையில் பெங்களூரிலிருந்து மலைக்காற்று வாங்க வரும் சைக்கிள் பிரியர்கள் என எல்லோருக்கும் ஒரே கவலைதான்... மழை வந்தால் பையில் இருப்பது என்னாகும்? நனைந்த ராகி மாவைக் கொட்டிவிட்டு வேறு வாங்கலாம். நனைந்த சான்றிதழையும் லேப்டாப்பையும் என்ன செய்வது?

இதற்கு உலகம் முழுக்க சைக்கிள் பயணிகள் பயன்படுத்தும் விடை, ‘பேனியர்’ பை. கேரியரின் இருபுறமும் தொங்கும் பக்கவாட்டுப் பை. வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும்?

கழுதையில் தொடங்கிய கதை

‘பேனியர்’ என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. ரொட்டிக் கூடை என்று அர்த்தம். கழுதை, குதிரையின் இருபுறமும் கூடை தொங்கவிட்டுச் சரக்கு ஏற்றிய வழக்கம் பின்னாளில் சைக்கிளுக்கு வந்தது. நமக்கும் இது புதிதல்ல. பொதிமாடும் பொதிமூட்டையும் நம் ஊர்ச் சொற்கள்தானே? சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படையிலேயே, முதுகின் இருபுறமும் சமமாக மிளகு மூட்டை சுமந்து செல்லும் கழுதைக் கூட்டம் வருகிறது. ‘இருபுறமும் சமமாக’ என்ற அந்தப் பழைய சூத்திரம்தான் இன்றைக்கும் பேனியர் பையின் முதல் விதி.

மழையில் பிறந்த யோசனை

தண்ணீர் புகாத சைக்கிள் பையின் கதை 1980-களில் தொடங்குகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹார்ட்மட் ஆர்ட்லீப் என்ற இளைஞர், இங்கிலாந்தில் சைக்கிள் பயணம் போனபோது மழையில் மாட்டிக்கொண்டார். பையில் இருந்ததெல்லாம் நனைந்துபோனது. அப்போது சாலையில் கடந்துபோன லாரிகள் அவர் கண்ணில் பட்டன. எவ்வளவு மழை பெய்தாலும் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும் சரக்கு மட்டும் நனைவதில்லையே! ஊருக்குத் திரும்பியதும் லாரி தார்ப்பாயை வெட்டிப் பை தைத்தார். 1982-ல் அவர் பெயரிலேயே நிறுவனம் உருவானது. இன்றைக்கும் நீண்டதூர சைக்கிள் பயணிகளிடையே ‘ஆர்ட்லீப்’ பைக்குத் தனி மவுசு உண்டு.

பின்னர் 1993-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஃப்ரைடாக் சகோதரர்கள், பழைய லாரி தார்ப்பாய், கார் சீட் பெல்ட், சைக்கிள் டியூப் ஆகியவற்றைக் கொண்டு தோள்பை செய்து புகழ்பெற்றார்கள். இரண்டு கதைகளுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான். லாரி ஓயாமல் ஓடும் ஓசூர் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் தினமும் நம் கண்ணெதிரே போகிற அதே தார்ப்பாய்!

‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்றால் வாட்டர் ப்ரூஃப் அல்ல!

கடையில் ஏமாறும் முதல் இடம் இதுதான். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று எழுதியிருந்தால், தூறலைச் சிறிது நேரம் தாங்கும் என்று மட்டுமே பொருள். ‘வாட்டர் ப்ரூஃப்’ என்பதுதான் கொட்டும் மழைக்கானது.

சில பைகளில் ‘ஐ.பி.’ என்ற தர எண் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு. இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு. தண்ணீர் இலக்கம் 4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 6 என்றால் வேகமாகப் பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் பாதிப்பில்லை. சைக்கிள் பைக்கு 4 இருந்தாலே அன்றாட மழைக்குப் போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய 6 விஷயங்கள்

1. துணி: பாலியஸ்டர் துணியில் பி.வி.சி. பூசியது கனமானது, முரட்டு உழைப்புக்கு ஏற்றது. நைலானில் டி.பி.யு. பூசியது எடை குறைவு, விலை கூடுதல். சந்தையில் கிடைக்கும் மெல்லிய நீல நிற ஷீட்டில் செய்த பை வேண்டாம். வெயில் பட்டுப்பட்டு நார் நாராகப் பிரிந்துவிடும்.

2. தையல்: ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். நல்ல பைகளில் ஓரங்களைத் தைக்காமல் வெப்பத்தால் உருக்கி ஒட்டியிருப்பார்கள். தைத்த பையாக இருந்தால், உட்புறம் தையல்மீது டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

3. வாய்: ஜிப் வைத்த பை திறக்க சுலபம், ஆனால், முதலில் கெட்டுப்போவதும் ஜிப்தான். சேறும் மணலும் அதற்கு எமன். வாயைச் சுருட்டி மடித்து பக்கிள் மாட்டும் வகையே சிறந்தது. குறைந்தது மூன்று சுற்று சுருட்ட வேண்டும். அதற்கு இடமில்லாத அளவுக்குப் பையைத் திணிக்கக் கூடாது.

4. கொக்கி: பை கிழிவதைவிட கொக்கி உடைவதுதான் அதிகம். மேடு பள்ளத்தில் குதிக்கும்போது முழு எடையும் அங்கேதான் இறங்கும். மேலே இரண்டு கொக்கிகள், ஆடாமல் பிடிக்கக் கீழே ஒரு கொக்கி, பின்புறம் விறைப்பான பலகை... இவை அவசியம். கொக்கி தனியாக மாற்றக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். கிடைக்கும் என்றால் அந்தப் பைக்கு ஆயுள் இரட்டிப்பு.

5. கேரியர்: பையை வாங்கும் முன் கேரியரை அளந்து பாருங்கள். பேனியர் கொக்கிகள் பெரும்பாலும் 8 முதல் 16 மி.மீ. தடிமன் கொண்ட உருண்டைக் குழாய்க்கானவை. நம் ஊர்ப் பழைய சைக்கிள்களின் பட்டைக் கேரியரில் அவை சரியாக உட்காராது. அவற்றுக்கு, கேரியர்மீது குறுக்கே போட்டு பெல்ட்டால் கட்டும் இரட்டைப் பைதான் பொருத்தம். கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்பது அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கலாம். பல கேரியர்களுக்கு 25 கிலோதான் எல்லை.

6. குதிகால்: பையை மாட்டி, சீட்டில் உட்கார்ந்து, பெடலை ஒரு முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள். குதிகால் பையில் இடித்தால் அந்தப் பை உங்கள் சைக்கிளுக்கு ஆகாது. பையைப் பின்னுக்குத் தள்ளி மாட்ட முடிகிறதா என்று பார்க்கலாம்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கும் வேலைக்கும் போக 20 லிட்டர் கொள்ளும் ஒரு பை போதும். இரவு தங்கும் பயணத்துக்கு இரண்டும் சேர்த்து 40 லிட்டர் தேவைப்படும்.

யானை நடக்கும் பாதையில்...

ஜவளகிரிக்கென்றே ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. பன்னார்கட்டா தேசியப் பூங்காவிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வனச்சரகம் வழியாகத்தான் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் காடுகளுக்கு ஆண்டுதோறும் இடம்பெயர்கின்றன. மழை முடிந்து ராகி முற்றும் பருவமும், யானைகள் வரும் பருவமும் ஏறக்குறைய ஒன்றுதான். 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

அதனால், ‘மழை வந்தால் இறங்கி உறை போட்டுக்கொள்ளலாம்’ என்ற வகைப் பை இங்கே சரிப்படாது. காட்டோரச் சாலையில், இருட்டும் நேரத்தில், சைக்கிளை ஓரம் கட்டி மழையுறையைத் தேடிக்கொண்டிருக்கும் ஐந்து நிமிடம் ஆபத்தான ஐந்து நிமிடம். பை எந்நேரமும் மழைக்குத் தயாராக இருக்க வேண்டும். அதேபோல வாழை, பலா, வெல்லம் போன்றவற்றை வைத்துக்கொண்டு அந்தி வேளையில் காட்டோரம் போவதைத் தவிர்க்க வேண்டும். மூடிய பை வாசனையைக் குறைக்கலாமே தவிர, யானையின் மூக்கை ஏமாற்றாது. வெளிச்சம் இருக்கும்போதே ஊர் போய்ச் சேர்வதுதான் எந்தப் பையையும்விடப் பெரிய பாதுகாப்பு.

லாரிகள் விரையும் சாலையில் இன்னொன்றும் முக்கியம். பையின் பின்பக்கத்தில் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை இருக்கட்டும். பை, சைக்கிளின் சிவப்பு ரிஃப்ளெக்டரை மறைத்துவிடக் கூடாது.

காசு குறைவா? வழி இருக்கிறது!

விலையுயர்ந்த பை வாங்க எல்லோராலும் முடியாது. லாரி தார்ப்பாய் தைப்பவர்களிடம் கனமான பி.வி.சி. துண்டு வாங்கி, கேரியர் அளவுக்கு இரட்டைப் பையாகத் தைத்துக்கொள்ளலாம். தைத்த பை என்பதால் தையல் வழியே கொஞ்சம் கசியும். உள்ளே தடித்த பாலித்தீன் உறை ஒன்றைப் போட்டு, அதன் வாயைச் சுருட்டிக் கட்டிவிட்டால் போதும். உரச்சாக்கின் உள்ளுறையை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். புத்தகத்தோடு சாப்பாட்டு டப்பாவும் அதே பைக்குள்தான் போகிறது.

ஒன்றும் இல்லையென்று ஹேண்டில்பாரில் பையை மாட்டுவதுதான் மோசமான வழி. திருப்பும்போது சைக்கிள் தடுமாறும். காது நீண்ட பை முன்சக்கரக் கம்பியில் சிக்கினால், ஓட்டுபவர் தலைகுப்புற விழ நேரும். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

பை வந்ததும் உள்ளே பழைய செய்தித்தாள்களைக் கசக்கிப் போட்டு, வாயைச் சுருட்டி மூடுங்கள். ஐந்து நிமிடம் ஷவரிலோ, குழாய்த் தண்ணீரிலோ எல்லாப் பக்கமும் நனையுங்கள். வெளியே துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். தாளில் ஈரம் எங்கே இருக்கிறதோ, ஓட்டை அதற்கு நேரே இருக்கிறது. திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

பராமரிப்பு

* தண்ணீர் உள்ளே போகாத பையில் உள்ளிருக்கும் ஈரமும் வெளியே போகாது. நனைந்த சட்டை, துண்டைத் தனி உறையில் வையுங்கள். வீடு வந்ததும் பையைத் திறந்து கவிழ்த்துக் காய வையுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.
* காய வைப்பது நிழலில். உச்சி வெயில் பூச்சை வெடிக்க வைக்கும்.
* கனமான பொருள் அடியில். இருபுறமும் சம எடை.
* கூரான பொருளைத் துணியில் சுற்றி வையுங்கள்.
* ஓட்டை விழுந்தால் சைக்கிள் டியூபுக்குப் போடும் சொல்யூஷன் பி.வி.சி.யில் சரியாகப் பிடிக்காது. பி.வி.சி.க்கான பசையும் அதே துணியில் ஒரு துண்டும் வேண்டும்.

விலையை மட்டும் பார்க்காமல், அந்தப் பை எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு ஒன்று கிழியும் பையைவிட, பத்து ஆண்டு உழைக்கும் பைதான் மலிவு!